ரொட்டி வண்டியின் டீசல் எங்கே போகிறது?

தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருந்து, நான் வாயைத் திறக்கும் முன்னரே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் மேலாளர் அவர்களே! மாவோடு மல்லுக்கட்டி, அடுப்போடு அனல் பறக்கப் போராடி, ஊருக்கெல்லாம் ரொட்டி தரும் ரொட்டிக்கூடத்துப் பெரியவர்களே! வண்டியை விட்டு இறங்கினாலும் வம்பை விட்டு இறங்காத என் ஓட்டுநர் தோழர்களே! எங்களை எல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கும் அசல் ஓட்டுநர்களான தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, ஐந்து நாளாக என்னோடு ஒரு சொல்லும் பேசாமல் இப்போதும் முறைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரம்மா அவர்களே! கடைசி வரிசையில், இரண்டு காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும் அவருடைய தம்பி, என் மைத்துனர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்!

ஒலிபெருக்கிக்காரரே, என்ன இது, நான் பேசினால் பின்னாலேயே ஒன்று உறுமுகிறதே? கொஞ்சம் பாருங்கள்.

அங்கே பாருங்கள், மைத்துனர் எழுந்து வெளியே போகிறார். "பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள ஓடுறான் பாரு!" என்று யாரோ சொல்கிறீர்கள். ஓடவில்லை ஐயா. அவருக்கு ஓடவே தெரியாது. அதனால்தானே அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தேன்? ஆம், வைத்த வாய் இந்த வாய்தான். ஆ, உறுமல் நின்றுவிட்டது. நன்றி ஒலிபெருக்கிக்காரரே! ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? சரி, இருக்கட்டும்.

எனக்கு இன்று இரண்டு மரியாதை. ஒன்று, இருபத்திரண்டு ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டியதற்காக இதோ இந்தக் கோப்பை. இன்னொன்று, 'எரிபொருள் சிக்கனம்' என்ற தலைப்பில் பேச இந்த மேடை. மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பிரேக் போட்டவன் நான். எழுதி வைத்துப் படிக்க வராது. ஆகையால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன? நம் கிடங்கில் வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டுநர்கள். எங்கள் வண்டியில் காலைப் பொழுது நான், மாலைப் பொழுது மைத்துனர். அதே பதினான்கு கடை, அதே தெரு, அதே ரொட்டித் தட்டுகள். மற்ற வண்டிகள் ஒரு நாளைக்குப் பதினான்கு லிட்டர் குடிக்கின்றன. எங்கள் வண்டி பதினெட்டு! அந்த நான்கு லிட்டர் எங்கே போனது? ஆவியாய்ப் போனதா? ஆகாயத்துக்குப் போனதா? யார் வாயில் போனது?

வழக்கம் என்னவென்றால், மாலை வேலை முடிந்த பிறகுதான் டீசல் நிரப்புவோம். நிரப்புகிறவர் மைத்துனர். ஆகவே பதினெட்டு என்ற எண் அவர் கையில்தான் விழும். அந்தச் சமயம் பார்த்து வண்டியில் ஒரு ரப்பர் குழாயும் கிடைத்தது. போதாதா? "உறிஞ்சி விக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். ஊரே சொன்னது. அது வீட்டு மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வாங்கிய குழாய் என்று அவர் சொன்னதைக் கேட்க ஒரு காது இல்லை. கேன்டீனில் அவர் பக்கத்தில் தட்டு வைக்க ஒரு கை இல்லை. மேலாளர் கெடு வைத்துவிட்டார்: இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போக வேண்டும்.

அன்று வீட்டு வாசலில் அவர் என்னைக் கேட்டார்: "மாமா, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்போம் மாப்ளே" என்றேன். பாப்போம்! பக்கத்தில் நின்ற என் மனைவி அப்போது மூடிய வாயை இன்னும் எனக்காகத் திறக்கவில்லை.

"சாப்பாடு போடுறாங்களா?" என்று கேட்கிறீர்களா? போடுகிறார்கள். தட்டு வருகிற வேகத்தைப் பார்த்தால் நானே பிரேக் போட வேண்டியிருக்கிறது.

மைத்துனர் கேட்ட அந்தக் கேள்வி தைத்தவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? எனக்கு ஒரே குடைச்சல். அந்த நான்கு லிட்டர் எங்கேதான் போகிறது? காலையில் டீசல் போடும் இடத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அம்மா வாய்த் துடுக்கில் எனக்கு அக்கா. "ஏம்மா, உங்க பம்புல கோளாறு இருக்குமோ?" என்று கேட்டேன்.

"பம்புல கோளாறுன்னா ஊர்ல எல்லா வண்டிக்குமில்ல கோளாறு காட்டணும்? காலைல கழுத்து வரைக்கும் நிரப்புங்க. உங்க வேலை முடிஞ்சதும் மறுபடி நிரப்புங்க. அவர் முடிச்சதும் அவர் நிரப்பட்டும். எவ்வளவு ஊத்துறேனோ அவ்வளவு நீங்க குடிச்சது. இது கூடத் தெரியாம இருபத்திரண்டு வருஷம் ஓட்டினீங்களாண்ணே?"

எளிமையான யோசனை! நம்மில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றியதா? மூன்று நாள் அப்படியே நிரப்பினோம்.

மாலை வேலைக்கு ஊற்றியது முதல் நாள் ஏழு லிட்டர். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு.

காலை வேலைக்கு?

சொல்கிறேன், சொல்கிறேன். "சீக்கிரம் சொல்லுங்க!" என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததே, கேட்டீர்களா? ஐந்து நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல்! அதற்காகவே சொல்கிறேன். பதினொன்று. பத்தரை. மறுபடியும் பதினொன்று.

சிரிக்காதீர்கள் தோழர்களே. சரி, சிரியுங்கள்.

அந்த அம்மா குழாயை மாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "திருடனப் புடிச்சிட்டீங்க போல. விலங்கு எந்தக் கால்ல போடப் போறீங்க, வலது கால்லதானே?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதே வண்டி, அதே பாதை, என் கால் மட்டும் எப்படிக் குடிக்கும்? நேற்று மாலை மைத்துனர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். "என்ன மாமா, என்னை வேவு பாக்கவா?" என்றார். "இல்ல மாப்ளே, என்னை வேவு பாக்க" என்றேன்.

என்ன கண்டேன்? தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் மனிதர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி தன்பாட்டில் தவழ்ந்து போகிறது. நாங்கள் போய்ச் சேரும்போது பச்சை விழுந்துவிட்டது. நானாக இருந்தால்? விளக்குவரை விரட்டியிருப்பேன், விளக்கில் பிரேக்கை மிதித்திருப்பேன், நின்ற வண்டியை மறுபடி உறுமவைத்துக் கிளப்பியிருப்பேன். விரட்டுவதற்கு ஒரு டீசல், கிளப்புவதற்கு ஒரு டீசல்! எதற்காக? ஒவ்வொரு நாளும் நான் முந்திவிட்டு வருகிற கார், அடுத்த விளக்கில் என் பக்கத்திலேயே வந்து நிற்கும். அப்படியானால் நான் முந்தியது யாரை? என்னைத்தானே?

வெகுநாளாக ஒரு கடைக்காரர் என்னைக் கேட்பார்: "காலை ரொட்டி மட்டும் ஏங்க ஓரத்துல நசுங்கி வருது? சாயங்காலம் வர்றது நல்லாத்தானே இருக்கு?" அடுப்பில் குறை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்கூடத்துப் பெரியவர்களே, மன்னியுங்கள்! நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க, தட்டுகள் ஓடிப்போய் முட்டிக்கொண்டன. ரொட்டி அன்றே சாட்சி சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

முதல் கடையில் மைத்துனர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். நான் அணைப்பதில்லை. ஏன் அணைப்பதில்லை? கடைக்காரர் கேட்டால், "அணைச்சா எஞ்சினுக்குச் சளி பிடிக்கும்" என்பேன். மேலாளர் கேட்டால், "நேரம் மிச்சம் ஐயா" என்பேன். நேற்று மைத்துனர் கேட்டார்: "நெசமாவே ஏன் மாமா?" மூன்று கடை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் முதலில் ஓட்டிய பழைய வண்டிக்கு பேட்டரி கோளாறு. அணைத்தால் கிளம்பாது, நாலு பேர் தள்ள வேண்டும். அந்த வண்டி காயலான் கடைக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன! செத்துப்போன வண்டிக்கு எட்டு ஆண்டுகளாக டீசல் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் ஐயா! அதுமட்டுமா? அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அன்று வாங்கிய உபரி பேட்டரி இரண்டு, இன்னும் இருக்கைக்கு அடியில் என்னோடு ஊர்வலம் வருகிறது. அந்தப் பாரத்தைச் சுமக்கவும் டீசல்!

ஆகவே, அவையோரே! டீசல் விற்கப்படவில்லை. களவு போகவில்லை. காலையில் எரிந்தது மாலைக்காரர் தலையில் எழுதப்பட்டது. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீணாக்கியவன் மேடையில் நிற்கிறான். ஒரு சொட்டும் வீணாக்காதவர், அதோ, திரும்பி வந்து கடைசி வரிசையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். விளக்கைத் தூரத்திலேயே பார்த்தவரை நாம் ஆமை என்றோம். பார்க்காமல் பாய்ந்தவனுக்குக் கோப்பை கொடுத்தோம். நம்மை என்னவென்று சொல்வது?

மேலாளர் அவர்களே, சாவி வாங்கியே ஆக வேண்டும் என்றால் என்னிடம் வாங்குங்கள். பம்புக்கார அம்மா எழுதிக்கொடுத்த மூன்று நாள் சீட்டும் இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது, உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மாப்ளே! அன்று உன்னிடம் "பாப்போம்" என்றேன். பார்த்துவிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்கிறேன்: தப்பு என்னுடையது. மேலே வா, இந்தக் கோப்பை உனக்கு. தயங்காதே, வா.

என்ன கையைத் தூக்கிக் காட்டுகிறாய்? கையில் என்ன?

கேட்டதா உங்களுக்கு? "மாமா, நீங்க வணக்கம் சொல்லும்போது நம்ம வண்டி வெளிய ஓடிக்கிட்டே இருந்துச்சு. போய் அணைச்சிட்டுச் சாவிய எடுத்துட்டு வந்தேன்" என்கிறார்!

ஒலிபெருக்கிக்காரரே, உங்கள் தலையில் பழி போட்டதற்கு மன்னிப்பு. பாருங்கள், பழிபோடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

மேலாளர் சீட்டைப் படித்துவிட்டார். எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார், ஒலிபெருக்கியில் நானே சொல்லிவிடுகிறேன்: "சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். நாளையிலருந்து ஒரு வாரம் காலையில அவர் ஓட்டட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

பார்க்கிறேன் ஐயா! கண்ணைத் திறந்து, வாயை மூடிப் பார்க்கிறேன். கடைசி வரிசையிலிருந்து அவர் நடந்து வருகிறார், நண்பர்களே. மெதுவாகத்தான் வருகிறார். வரட்டும். அவருக்காக நாம் கொஞ்சம் காத்திருப்போம்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சிரித்த தோழர்களுக்கும், ஐந்து நாள் மௌனத்தை இன்று கலைத்த என் வீட்டுக்காரம்மாவுக்கும் என் நன்றி. எஞ்சின் அணைந்துவிட்டது, நானும் அணைத்துக்கொள்கிறேன். வணக்கம்!