பேய்க்குப் பதினோரு தையல்

ஹலோ... ஹலோ, யாரு?... சத்தமா பேசுங்க, மலையில தேயிலக் கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறேன், காத்து அடிக்குது... ஆமா, சண்முகவடிவுதான். நிலக்ஷியோட அம்மாதான்... ஐயோ, பிரின்சிபல் சேருங்களா! சொல்லுங்க சேர். புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?... ஆமா... ஆமா... என்னாது?

ஏய் அம்மாக்கண்ணு, கொஞ்சம் வாய மூடு, காலேஜ்ல இருந்து போன்!

சொல்லுங்க சேர்... பேயா? எம்மவளுக்கா?... நேத்து அந்தியில... துணி எடுக்கப் போன எடத்துல... ம்... ம்... அது தெரியும் சேர். சவுக்குத் தொர கதைய தெரியாதவங்க இந்த லிந்துல பக்கமே இல்ல. அந்தக் காலத்துல தோட்டத்த ஆண்ட வெள்ளக்காரன், புள்ளத்தாச்சிய சவுக்கால அடிச்சுக் கொன்னவன். பொறவு குதிரையில இருந்து விழுந்து மண்ட தெறிச்சு செத்தான். அவன் பங்களாவத்தானே நீங்க ஆஸ்டலா வச்சிருக்கீங்க... சரி, அந்தத் தொர எம்மவ மேல எறங்கிட்டான்கிறீங்க... எறங்கி?... கத்திய எடுத்து வெட்டிட்டாளா? யார?...

யாரோ ஒரு பையன. சும்மா அந்தப் பக்கமா போன பையன... ம்... பொம்பளப் புள்ளைங்க துணி காயப்போடுற எடத்துல சும்மா போற பையன்... இல்ல இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொல்லுங்க... கையிலயா? எத்தன தையல்?... பதினொண்ணா! அட கடவுளே.

என்னா கடுதாசி?... ம்... "மகளுக்குப் புத்தி சரியில்ல, பேய்க் கோளாறு, வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்"னு நானும் மகளும் கையெழுத்து போடணும்... போட்டா போலீஸ் இல்ல. போடலன்னா போலீஸ்... அப்ப படிப்பு?... ஓஹோ, படிப்பு அவ்வளவுதான். படிச்சு முடிச்சா கெடைக்கிற டீச்சர் வேலையும் அவ்வளவுதான். வெளங்குது சேர். நல்லா வெளங்குது.

ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. போன மாசமும் அந்தத் தொர ரெண்டு புள்ளைங்கள அடிச்சான்... ஆமா, ராகல புள்ள ஒண்ணு. முதுகெல்லாம் தோலு பிஞ்சு வீட்டுக்குப் போன புள்ள திரும்பி வரவே இல்ல. அப்பயும் பேய்னுதான் சொன்னீங்க... பழைய பங்களா, சரி. ஆனா அது என்னா பேய் சேர், டவுன் புள்ளைங்கள வுட்டுட்டு தோட்டத்து லயத்துப் புள்ளைங்கள மட்டும் தேடித் தேடி அடிக்குது?...

நான் கத்தல. மலையில பேசிப் பேசி என் தொண்டையே இப்படித்தான்.

கத்தியா? நான்தான் குடுத்தேன்!... ஆமா, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்து கத்தி. நானே தீட்டி, துணியில சுத்தி, பேக்குல வச்சு அனுப்பினேன். அந்தியில வெளிய எறங்குற பொம்பள இடுப்புல இரும்பு இருக்கணும். பேய் இரும்பக் கண்டா நிக்காது... மூட நம்பிக்கையா? இவ்வளவு நேரமா பேய் பேய்னு சொன்னது நானா, நீங்களா?

...என்னா? யாரு பாவம்?... எந்த தனுஷன்?... மலையில எங்கள வேல வாங்குற கண்டாக்கய்யா மகனா?

...

அதான் இன்னிக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குக் கண்டாக்கய்யா வரலையா. நாங்களும் காலையில இருந்து, மனுசன் என்னா இன்னும் வையலையேன்னு பேசிக்கிட்டு இருக்கோம்... தெரியும் சேர், சம்பளம் போடுற செக்ரோல்ல என் பேர வெட்ட அவருக்கு ஒரு நிமிசம் போதும். வெட்டட்டும்! அப்பன் இங்க எங்கள நாக்கால அடிக்கிறான், மகன் அங்க எம்மவள சவுக்கால அடிச்சானா? நாசமாப் போவ! அவன் கை புழுத்துப் போவ!

எம்மவகிட்ட போன குடுங்க... மொதல்ல குடுங்க. அவ கொரல கேட்டாத்தான் கையெழுத்து...

நிலக்ஷி? அம்மாடி... அழுவாத. சாப்பிட்டியா?... அடிச்சானா?... முதுகுலயா. எத்தன அடி?... சரி, சரி, சொல்ல வேணாம். ரத்தம் நின்னுருச்சா?... இன்னுமா கசியுது? மருந்துகூட போடலையா? பாவிங்க... சேர் பக்கத்துல நிக்கிறாரா?... வராந்தாவுலயா. அப்ப மெல்லமா பேசு. பேய்னு நெனச்சுத்தானே வெட்டுன?...

என்னாது?

...வெள்ள உடுப்பு... தொப்பி... மூஞ்சியில துணி... ம்... சிரிச்சானா? சிரிப்புலயே ஆளு தெரிஞ்சிருச்சா... ஏன்டி, இரும்பக் கண்டும் நின்னா அது ஆளு, ஆளுன்னா ஓடி வந்துருன்னுதானே சொல்லி அனுப்பினேன்?... ஓட எடம் இல்லையா?... இருந்துச்சா? இருந்தும் ஓடலையா?... ராகல புள்ளையும் ஓடித்தான் போச்சுன்னு... ம்... ரெண்டு தரம் வெட்டுனியா...

...

இல்லடி, லைன் இருக்கு. கொழுந்துக் கூடைய எறக்கி வச்சேன். நீ எம்மவடி. இங்க பாரு, ஆளு தெரிஞ்சுச்சுன்னு இனிமே ஒருத்தருகிட்டயும் வாய தொறக்காத. பேய் வந்துச்சு, பேய வெட்டுனேன். அவ்வளவுதான்... பொய் என்னா பொய்? அவங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறதத்தான் நாமளும் சொல்லுறோம். கையெழுத்து போட்டியா?... போடாத. செத்தாலும் போடாத. சேரக் கூப்புடு.

சேர்... ஆமா சேர். நான் கத்துனத மனசுல வச்சுக்காதீங்க. நீங்க சொன்னதுதான் சரி. பேயேதான்... ஆமா, கையெழுத்து போடுறேன். ஆனா நடந்தத அப்படியே எழுதணும். சவுக்குத் தொர வந்தான், எம்மவ முதுகப் பிச்சான், புள்ள இரும்ப வீசுனா, தொரைக்கு வெட்டு வுழுந்துச்சு... தனுஷன் தம்பியா? அவரு கதைக்கு எங்க சேர் வந்தாரு? எம்மவ வெட்டுனது பேயத்தானே. பேய்க்குப் பதினோரு தையல் போட்ட டாக்டர நான் பாத்ததே இல்ல. தம்பிக்கு எப்படிப் பட்டுச்சுன்னு தம்பியே போலீசுல வந்து சொல்லட்டும். நேத்து என்னா உடுப்பு போட்டிருந்தாரு, கையில என்னா வச்சிருந்தாருன்னும் சேத்து சொல்லட்டும்...



அப்ப போலீஸ் வேணாமா... கடுதாசியும் வேணாமா... சரி சேர், உங்க இஷ்டம். புள்ள அங்கேயே இருந்து படிக்கும். இப்பயே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி முதுகக் காட்டி, காயத்துக்குத் துண்டு எழுதி வாங்கி வைங்க. அடுத்த பஸ்ல வர்றேன்... ஆமா, நானேதான். எங்க லயத்துப் பொம்பளைங்களும் வர்றாங்க.

இன்னொண்ணு சேர். அந்தக் கத்திய நீங்களே வச்சுக்கோங்க. வீட்டுல இன்னொண்ணு இருக்கு, வரும்போது தீட்டி எடுத்துட்டு வர்றேன்... ஐயோ, உங்களுக்கில்ல சேர். பேய்க்கு.

வைக்கிறேன்.