பின்னால் நின்றவர்

தலைக்கு மேல் தென்னைமரம் முளைத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் வீட்டு ஆல்பத்திலேயே ஒன்றிரண்டு இருக்கும். எடுக்கிறவர் முகத்தை மட்டும்தான் பார்ப்பார். பின்னால் மரம் நிற்பது பிறகுதான் கண்ணில் படும். அந்த மாதிரி மரங்களை வெட்டித்தான் நான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன்.

ஈப்போவில் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். மின்கம்பி, குப்பைத்தொட்டி, ஓரத்தில் பாதி உடம்போடு நிற்கும் யாரோ ஒருவர், எல்லாவற்றையும் கணினியில் துடைத்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் பக்கத்துப் புல்லையோ வானத்தையோ இழுத்து மூட வேண்டும். ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது. பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை லாயக்கில்லை. இந்தத் திருக்குமரன் பொறுமைசாலி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிரமிளாவும் அவளுக்கு நிச்சயித்த தர்மாவும் கல்யாணத்துக்கு முந்தைய படங்கள் எடுத்துக்கொள்ள வந்தார்கள். இடம் நான் சொன்னதுதான். காம்பார் பக்கம், ஈயம் எடுத்துவிட்டுப் போன பழைய சுரங்கக் குளம். சாயங்காலம் தண்ணீர் பச்சையாக இருக்கும், எதிர்க்கரையில் சுண்ணாம்பு மலை. மலையும் தெளிவாக விழ வேண்டும் என்று பிரமிளா ஆசைப்பட்டாள். அதனால் பின்னணியை மங்கலாக விட முடியவில்லை. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தாலும் படத்தில் தெரியும்.

வந்து நின்றது காக்கை இல்லை, பிரமிளாவின் அப்பா சதாசிவம். அவர்தான் காரோட்டி வந்திருந்தார். சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லோரி ஓட்டி ஓய்ந்தவர். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். என் தகப்பனார் ரயில்வேயில் அதிகாரியாக இருந்தார். அதற்காகத் தோட்டத்து ஆட்கள் என்று நான் ஒருநாளும் வித்தியாசம் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சத்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மகளின் படத்தைத் தன் கைப்பேசியிலும் எடுக்க வேண்டும் என்று அவர் கரையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நல்ல வெளிச்சம் விழுகிற நேரம் பார்த்து, நந்தி மாதிரி நடுவில் வந்து நிற்பார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போங்க. படத்துல விழுறீங்க."

"விழுந்தா என்னா தம்பி, அதான் கம்பியூட்டர்ல அழிச்சிடலாம்லா."

பிரமிளா சிரித்தாள். தர்மாவும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். இரண்டாம் தடவை சொன்னபோதும் அதே பதில், அதே சிரிப்பு. எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம், ஏதோ சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பதைப் போலச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

மூன்றாம் தடவை சொன்னதும் நகர்ந்தார். பின்னணி சுத்தமானது. நான் எடுக்க ஆரம்பித்தேன்.

சற்று நேரத்தில் மறுபடியும் தெரிந்தார். இந்தத் தடவை கொஞ்சம் தாழ்வாக. முதலில் மார்புவரை தண்ணீர், அப்புறம் கழுத்துவரை. ஒரு கை மேலே வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் முதுகு குளத்தின் பக்கம், முகம் என் பக்கம். படத்துக்கு நிற்கிறவர்களுக்குத் தங்கள் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது எடுக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பா கூப்பிட்ட மாதிரி இருந்திச்சி, அங்கிள்" என்றாள் பிரமிளா.

"திரும்பாதம்மா. இப்பத்தான் முகத்துல வெளிச்சம் அழகா விழுது. என்னையே பாரு."

ஜோடிகளின் கூச்சம் போக நான் எப்போதும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுவைப்பேன். அதன் சத்தத்தைக் கூட்டினேன். அவள் காதில் ஏதாவது சொல்லும்படி தர்மாவிடம் சொன்னேன். என்ன சொன்னானோ, அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் முதல்தரமான படம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை, வெயில் இறங்கிவிடுமே என்ற கவலைதான். இடைஞ்சலைப் பிறகு எடுத்துவிடலாம். போன வெளிச்சத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

படமெடுத்து முடிந்து, அப்பாவைக் காணோம் என்று பிள்ளைகள் தேடும்போது நானும் கூட இருந்து தேடினேன். தீயணைப்பு பொம்பா ஆட்கள் வந்து முங்கி அவரை எடுத்தார்கள். பிரமிளா தரையில் விழுந்து அழுததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கால் தவறி விழுந்தார் என்று முடித்துவிட்டார்கள். நான் ஸ்டூடியோவுக்குப் போய், அவர் தெரிந்த இடத்தில் பக்கத்துத் தண்ணீரை இழுத்து மூடினேன். அவர் எழுப்பிய அலையையும் சமப்படுத்தினேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. தள்ளிப்போட்ட கல்யாணம் நடந்து முடிந்த பிறகு, பிரமிளா தன் அம்மா வீரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அந்தக் குளத்துப் படத்துலயே அப்பாவையும் எங்ககூட நிக்க வச்சிக் குடுங்க, அங்கிள். வீட்டுல பெருசா மாட்டணும்."

எத்தனையோ பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எடுத்தவரைத் திருப்பி வைக்கச் சொன்னது அவள் ஒருத்திதான். அவள் கொண்டுவந்த பழைய படங்களில் வெளிச்சம் ஒத்துவரவில்லை. அன்றைக்கு நான் எடுத்ததில் அவர் பெரும்பாலும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுதாக விழுந்தது தண்ணீரில் இருந்த படத்தில் மட்டும்தான். மூலக் கோப்புகளை நான் ஒருநாளும் அழிப்பதில்லை.

அந்த முகத்தை எடுத்துப் பெரிதாக்கினேன். திறந்திருந்த வாயை மூடினேன். நனைந்த முடியைக் காயவைத்தேன். உடம்பை வேறொரு படத்திலிருந்து கொண்டுவந்து பொருத்தினேன். கண்களை மட்டும் தொடவில்லை. அவை நேராக என்னையே பார்த்தன. வாடிக்கையாளர்களுக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும்.

படத்தைப் பார்த்ததும் வீரம்மா விம்மினார். பிரமிளா அழவில்லை. அப்பாவின் நெற்றியில் விரலை வைத்தாள்.

"திருநீறு எங்க, அங்கிள்?"

"பளபளன்னு இருந்திச்சிம்மா. நான்தான் எடுத்தேன்."

"அது ஏன் பளபளங்குது? காலையில கோயில்ல நான்தான் பூசிவிட்டேன். அங்க வந்து நான் எடுத்த படத்துலகூட இருக்கு." தன் கைப்பேசியைக் காட்டினாள். அப்புறம் மிக மெதுவாகச் சொன்னாள். "தண்ணி பட்டாத்தானே போகும்."

வாயையும் முடியையும் அவ்வளவு கவனித்தவன் நெற்றியை விட்டுவிட்டேன். வெறும் நெற்றி, கறை எதுவும் இல்லை, வேலை மிச்சம் என்றுதான் அப்போது நினைத்தேன். அதன் பிறகு அவள் உங்களிடம் வந்ததும், நீங்கள் என் கணினியை எடுத்து வந்ததும் உங்களுக்கே தெரியும்.

ஏன் ஓடிப்போய்த் தூக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்காத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக விடுவது என் பழக்கம் இல்லை. அந்தக் கரையில் வலது பக்கம் செம்மண், கெட்டித் தரை. இடது பக்கம் ஈயம் அலசிக் கொட்டிய மணல். மேலே காய்ந்து கிடக்கும், உள்ளே சேறு, கால் வைத்தால் கரையோடு சரியும். எத்தனையோ ஜோடிகளை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன், ஒருவரையும் அந்தப் பக்கம் விட்டதில்லை. சதாசிவம் அண்ணனிடமும் முதல் இரண்டு தடவை வலது பக்கம் போகத்தான் சொன்னேன். மூன்றாம் தடவை இடது பக்கம் கையைக் காட்டினேன். அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் அவர் மறுபேச்சுப் பேசாமல் போனார்.