மூடாத வால்வு

— அப்ப பத்து நாளா இது மூடவே இல்லையா தம்பி?

— இல்லக்கா. சுவிட்சை அமுக்கி அமுக்கி விரலே நோவுது. தொறந்தது தொறந்தபடியே நிக்குது. தெருவுல காரைக் கெளப்புனா ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருது.

— இருங்க, ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில படுத்துப் பாக்குறேன். அந்த டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க. இன்னும் கீழ… மாதாவே! இதை யாரு ஒயர் பண்ணுனது?

— தெரிஞ்ச ஆளுதான்க்கா. ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துட்டாரு.

— அதான் பாத்தாலே தெரியுதே லட்சணம். பேட்டரியிலேருந்து நேரா இழுத்துருக்காரு. நடுவுல ஒரு ஃப்யூஸ் கெடையாது. ஒயரு சூட்டுக் குழாய் மேலேயே கெடக்கு, தோலு உருகி உள்ள செம்பு தெரியுது. இந்நேரத்துக்கு வண்டி எரிஞ்சிருக்கணும்.

— அல்லா காப்பாத்துனான். மோட்டாரு போயிருச்சாக்கா?

— மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. மூடுறதுக்குப் போற ஒயரு அறுந்துருக்கு, அவ்வளவுதான். ஆமா, இதுக்கு என்ன பேரு சொன்னீங்க? கட்-அவுட்டா? எனக்குக் கட்-அவுட்டுன்னா சினிமா தியேட்டர் வாசல்ல மாலையோட நிக்கிறதுதான்.

— அதே பேருதான்க்கா! சைலன்சருக்கு முன்னாடி குழாய்ல ஒரு கதவு மாதிரி. மூடியிருந்தா புகை சைலன்சர் வழியா சத்தமில்லாம போயிரும். தொறந்தா நேரா வெளிய. இந்த எஞ்சினுக்கு டர்போ வேற போட்டுருக்கேனா, சும்மா அப்படியே உறுமும். நீங்க கேக்கணுமே!

— கேட்டேன், கேட்டேன். எதுக்கு இவ்வளவு சத்தம்? பொண்ணுங்க திரும்பிப் பாக்கவா?

— நீங்க வேற. என் வீட்டுக்காரி சம்ரீன் காதுல விழுந்தா எனக்கு வீட்ல சோறு கெடையாது. எங்க அத்தாவுக்காகக்கா. ஹபீபுல்லா மேஸ்திரின்னு லாரி ஷெட்டுல கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. நாப்பது வருஷம் லாரி எஞ்சினுக்குள்ளேயே தலையை விட்டுக்கிட்டு இருந்தவரு. இப்ப காது சுத்தமாப் போச்சு. மெஷினு வாங்கிக் குடுத்தோம், எரிச்சலா இருக்குன்னு கழட்டி வச்சிட்டாரு.

— அப்பாவுக்குக் காது கேக்கலைன்னா, அதுக்கு வண்டி கத்தணுமா?

— யாருகிட்டயும் பேசறதில்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்துருப்பாரு. ஒரு நாளு ஸ்ரீரங்கம் பாலத்து மேல போறப்ப சும்மா இதைத் தொறந்து விட்டேன். பக்கத்து சீட்டுல இருந்தவரு சட்டுன்னு நிமுந்தாரு. டேஷ்போர்டுல கையை வச்சு அதிர்வைப் பாத்துட்டு, "அயான், மூணாவது சிலிண்டரு சோம்பேறியா இருக்குடா"ன்னாரு. ப்ளக்கைக் கழட்டிப் பாத்தா அத்தா சொன்னது சரி! அதுலேருந்து ஞாயித்துக்கெழமைன்னா ஜீயபுரம் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி தொறந்து விடுவேன். வாழைத்தோட்டம்தானே, யாருக்கும் தொந்தரவு இல்ல. அன்னைக்குப் பூரா பேசிக்கிட்டே இருப்பாரு.

— ம்.

— இப்ப அதுக்கும் ஆப்பு. எனக்கு ஏர்போர்ட்ல டூட்டி, விடியக்காலையில கெளம்பியாகணும். இது மூடாம நின்ன இந்தப் பத்து நாள்ல எவனோ ஒரு புண்ணியவான் போலீஸ்ல மனு எழுதிக் குடுத்துட்டான். ஸ்டேஷனுக்குக் கூப்புட்டு, இன்னொரு தரம் சத்தம் வந்தா வண்டியையே தூக்கிருவோம்னு சொல்லிட்டாங்க. நேரா வந்து ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிருவான்? நெஞ்சுல ஈரமில்லாத ஜனங்க.

— புண்ணியவான் இல்ல தம்பி. நான்தான் எழுதிக் குடுத்தேன்.

— என்னது?

— கே.கே. நகர்ல உங்களுக்குப் பின்தெரு நாங்க. பச்சை கேட்டு வீடு. இன்னைக்கு வண்டி கடை வாசலுக்கு வந்தப்பவே சத்தத்தை வச்சித் தெரிஞ்சிக்கிட்டேன்.

— தெரிஞ்சிக்கிட்டேதான் இவ்வளவு நேரம் பேச்சுக் குடுத்தீங்களா? வண்டியை எறக்குங்க. நான் வேற கடை பாத்துக்கறேன்.

— எறக்குறேன். ஆனா இந்த ஒயரோட ரோட்டுல போகாதீங்க, தீப்புடிச்சிரும். அதை மட்டும் கழட்டி விட்டுடறேன். எம்மேல இருக்குற கோவத்துல நீங்க எரிஞ்சு போயிடக் கூடாது.

— வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?

— வந்துருக்கணும். தப்புதான். அன்னைக்கு நான் நெதானத்துல இல்ல. அதோ உள்ள உக்காந்து ஒயருக்கு முனை அடிக்கிறாரே, அவரு என் வீட்டுக்காரரு, அடைக்கலம். நல்லவேளை, உங்க வண்டி வந்தப்ப அவரு கடையில இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவரு வேலை பாத்த கம்பெனியில பாய்லர் வெடிச்சுது. கூட நின்ன ரெண்டு பேரு அங்கேயே போயிட்டாங்க. இவருக்கு ஒரு கீறல் கூட இல்ல. ஆனா திடீர்னு சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிருவாரு. ஆறு மாசமா அது இல்லாம இருந்துச்சு. அப்பத்தான் உங்க வண்டி… மனு குடுத்தேனே, அன்னைக்கு அவரை வெளிய வரவைக்க மத்தியானம் ஆயிருச்சு தம்பி.

— யா அல்லா. எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது.

— எனக்கு மட்டும் உங்க அத்தாவைத் தெரியுமா?

— கழட்டிருங்கக்கா. ஒயரு மட்டுமில்ல, எல்லாத்தையும். அத்தாகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்.

— சொன்னா அவருக்குக் காதுல விழணுமே! கழட்டவெல்லாம் வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க. புது ஒயரைக் குழாயை விட்டுத் தள்ளிக் கொண்டு போயி, மேல சூடு தாங்குற உறை போட்டுடறேன். ஒரு ஃப்யூஸு. தொறக்க ஒரு ரிலே, மூட ஒரு ரிலே. கூட ஒரு டைமர். சாவியை அணைச்சதும் மோட்டாரு தானா ஓடி வால்வை மூடிரும். நீங்க மறந்தாலும் மறுநாள் காலையில வண்டி பூனை மாதிரிதான் கெளம்பும். ஜீயபுரம் போயி நீங்களா சுவிட்சைத் தட்டுனாத்தான் தொறக்கும்.

— இவ்வளவு நடந்த பெறவும் எதுக்குக்கா எனக்குச் செய்யறீங்க?

— ஞாயித்துக்கெழமை ஒருத்தரு பேசறாருன்னீங்கள்ல. எங்க வீட்லயும் ஒருத்தரு பேச மாட்டேங்கறாரு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தக் கட்டிங் பிளேயரை எடுங்க.

— இந்தாங்கக்கா.

— ஒயரெல்லாம் மாத்தியாச்சு. சுவிட்சை மட்டும் இன்னும் டேஷ்போர்டுல மாட்டல, ஒயரோட தொங்குது பாருங்க. எஞ்சின் வேணாம். சாவியை மட்டும் திருப்பிட்டுத் தட்டுங்க.

— ஓடுதுக்கா! நின்னுருச்சு.

— இப்ப சாவியை அணைங்க.

— தானாவே மூடுது! அத்தாவுக்கு இதைக் காட்டணும். எஞ்சினைப் போட்டு, சூடுல ஒயரு தாங்குதான்னு பாக்க வேணாமா?

— பாக்கணும். இங்க வேணாம். இவரை வீட்ல விட்டுட்டு, நானே உங்க கூட பைபாஸ் வரைக்கும் வரேன்.

— ஆன்சி.

— என்னங்க, எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க? ஒண்ணுமில்ல, எஞ்சின் ஓடல. உள்ள போயி உக்காருங்க.

— எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க.

— வேணாம்ண்ணே. எங்களால உங்களுக்கு ஆனது போதும்.

— சத்தம் எப்ப வரும்னு தெரியாமத்தான் தம்பி இத்தனை நாளும் செத்துக்கிட்டு இருந்தேன். அந்தச் சுவிட்சை என் கையில குடுங்க. நானே தொறக்குறேன்.