அதிகாரிகள் வரும் நாளில் ஒரு பஸ்

"ஹலோ... ஆமா, ஹெட்மாஸ்டர் தம்புசாமிதான் பேசுறேன்... எந்த பஸ்ஸு? யாரு பஸ் கேட்டா?... மிஸ்டர் வாசு, ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. தலைமைத்துவம்னா என்னன்னு இந்தக் கிள்ளான் ஊருக்குக் காட்டத்தான் நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

கிள்ளானுக்கு இதுவரை அது தெரியாமல் போனதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது. இந்தத் தமிழ்ப்பள்ளிக்கு அவர் வந்து ஏழு மாதம் ஆகிறது. நாளைக் காலை கல்வி இலாகா அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட வருகிறார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ்காரர் வாசு, வழக்கம்போல நாளைக்கும் ஒரு வண்டி ஒதுக்கவா என்று கேட்டு அழைத்திருந்தார்.

அந்த வழக்கம் முன்பிருந்த தலைமையாசிரியர் சபாபதி உண்டாக்கியது. அதிகாரிகள் வரும் நாளில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் மட்டும் 'கல்விச் சுற்றுலா' என்று மிருகக்காட்சி சாலைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பிள்ளைகளில் யாரை எழுப்பினாலும் கடகடவென்று படிக்கும். சபாபதிக்குப் பாராட்டுக் கடிதம் வரும்.

"ரெண்டு வருஷத்துல ஆறு தடவ, வாசு... ஆமா, ஆமா, நீங்கதானே ஓட்டுனீங்க. அந்தப் பிள்ளைங்களுக்குப் புலின்னு எழுதத் தெரியாது. ஆனா புலிக்கு இவுங்களத் தெரியும்லா... சிரிக்காதீங்க. அந்தாளு ஹெட்மாஸ்டரே இல்ல, டூர் ஏஜென்ட்."

அலுவலகப் பணியாளர்களுக்கும் கேட்கட்டும் என்று அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். வெளியே பெஞ்சில் மூன்றாம் ஆண்டு மாணவி தாமரை, புத்தகத்தில் விரலை ஊன்றி, மழையைப் பற்றிய ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் புலிக்குப் பழக்கமானவள்தான். மூன்று வாரத்துக்கு முன் பள்ளியின் காலைச் சபைகூடலில் தம்புசாமி அவளை மேடைக்கு அழைத்து, அதிகாரிகளுக்கு இந்தப் பக்கத்தை இவள்தான் வாசிப்பாள் என்று அறிவித்தார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் அம்மா மலர், அதைப் பார்க்கவே நாளைக்கு அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

"என்ன?... எங்க, சுபாங் ஜெயாவுலயா?... யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, வாசு நேரில் பார்த்தார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்தான் ஏற்றுகிறார். அங்கிருந்த தலைமையாசிரியரும் பஸ் வேண்டாம் என்று வீரமாகச் சொன்னவர். அதிகாரிகள் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பிப் படிக்கச் சொல்லி, கண்ணெதிரிலேயே மதிப்பெண் போட்டார்களாம். தலைமையாசிரியர் அன்று கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டாராம். இன்னொரு தகவலையும் வாசு தந்தார். நாளைக்கு வேறு இரண்டு பள்ளிகள் பஸ் பேசிவிட்டன. கையில் இருப்பது ஒரே ஒரு வண்டி.

"ம்... ம்... ஒரு பிள்ள படிச்சு முடிக்க எவ்வளவு நேரம் காத்திருந்தாங்க?... ம்."

தாமரை 'மேகங்கள்' என்ற சொல்லில் வழக்கம்போல நின்றாள். தம்புசாமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே..."

மிஸ்டர் வாசு அண்ணன் ஆனது இப்படித்தான்.

"அந்த ஒரு பஸ்ஸ யாருக்கும் கொடுத்துறாதீங்க... இல்ல, இல்ல, ஜூ வேணாம். அது அந்தாளு ஸ்டைல். கேரி தீவு போகட்டும். செம்பனை எண்ணெய்த் தோட்டத்தப் பாக்கட்டும், அறிவியல்ல வருது... சேச்சே, ஒளிச்சு வைக்கிறதுன்னு யாரு சொன்னா? இது திட்டமிட்ட சுற்றுலாண்ணே... பதினோரு பேரு."

மேசையில் கிடந்த காகிதத்தில் பதினோரு பெயர்களை எழுதிவிட்டு, பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அடியில் இன்னொரு பெயரை எழுதினார், அழகான கையெழுத்தில்.

"பன்னெண்டு... இருங்க, பதிமூனா வச்சுக்குங்க. ஒரு பிள்ளையோட அம்மா லீவு போட்டிருக்காங்க. துணைக்கு வரட்டும்."

கதவுக்கு வெளியே தாமரை 'மேகங்க'ளைத் தாண்டி, அடுத்த வரியையும் தாண்டி, பக்கத்தின் கடைசிவரை நிற்காமல் வந்து சேர்ந்தாள். கதவு நல்ல கெட்டியான மரம்.

"ஏழு மணிண்ணே. அவுங்க எட்டுக்குத்தான் வருவாங்க... முன்னால வேணாம். பின் கேட்டுப் பக்கம் வந்து நில்லுங்க... ஆங், ஹார்ன் அடிக்காதீங்க."

போனை வைத்தார்.