எல்லைக் காட்சிக்குத் தேவைப்பட்ட காயம்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி ஐயா, இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிறர் எழுதிய வசனங்களைப் படியெடுத்துப் பழகியவனே அன்றிச் சொந்தமாக ஒரு பக்கமும் எழுதியவன் அல்லன். பிழையிருந்தால் பொறுத்தருள்க. அன்று வெயில் நன்றாக இருந்தது. படப்பிடிப்புக்கு அது முக்கியம்.

எங்கள் படம் ஒரு நாடு இரண்டாகப் பிரிந்த கதை. மைதானத்தின் நடுவே சுண்ணாம்புப் பொடியால் எல்லைக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் இருபுறமும் நின்ற கூட்டத்தை நடத்துவது உதவி இயக்குநராகிய என் பொறுப்பு. முன்வரிசையில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரு தையல்காரரும் ஒரு லாரி ஓட்டுநரும். தையல்காரரின் தங்கையைத்தான் ஓட்டுநர் மணந்திருந்தார். அந்த அம்மாளும் மைதானத்தின் மறுகோடியில் நின்ற பெண்கள் கூட்டத்தில் நடித்தார்.

தடியை ஓங்கியதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

"என்ன மாப்ள, தடிய கரண்டி மாதிரி பிடிச்சிருக்கீங்க?"

"உங்க தங்கச்சிகிட்ட கத்துக்கிட்டது மச்சான். அவ கையில கரண்டிய பாத்திருக்கீங்களா?"

இயக்குநர் என்னைத் தனியே அழைத்தார். "நாடே உடையுதுய்யா. இவனுங்க மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவனுங்க மாதிரி நிக்கிறானுங்க. சாயங்காலத்துக்குள்ள ஷாட் வரலைன்னா நாளைக்கு நீ வராத."

அவர் சொன்னதில் தவறில்லை. தரையில் கோடு போடுவது அரங்கம் அமைக்கும் கலைப்பிரிவின் வேலை. மனத்தில் போடுவது என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒப்பனைக்காரரிடம் சொல்லி அந்த அம்மாளின் கண்ணுக்குக் கீழே ஒரு காயம் வரையச் செய்தேன். காட்சித் தொடர்ச்சி கெடும், பொழுது சாயும்வரை தொடக்கூடாது என்று அந்த அம்மாளிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு தையல்காரருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க தங்கச்சி காலையில வரும்போதே கண்ணுக்குக் கீழ காயம் இருந்துச்சு. கேட்டா மேக்கப்னுதான் சொல்வாங்க. அப்படித்தான் சொல்லணும்னு வீட்டுக்காரர் மிரட்டி வச்சிருக்காராம்."

அவர் தேநீரைக் குடிக்கவில்லை. நேரே தங்கையிடம் போனார்.

"அய்யோ அண்ணே, இது மேக்கப்பு" என்று அந்த அம்மாள் சிரித்தார். தையல்காரர் தங்கையின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். அதன்பின் ஓட்டுநர் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைத்தான் நாங்கள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தோம்.

தூரத்துக் காட்சிகளுக்கு ரப்பர் தடி. அண்மைக் காட்சியில் ரப்பர் வளைவது தெரிந்துவிடும். ஆகவே மூங்கில் தடி கொடுப்போம். அடி தலைக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிட வேண்டும். அதனால் ஒருவரை ஒருவர் முழுமையாக நம்புகிறவர்களிடம் மட்டுமே மூங்கிலைக் கொடுப்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. தடிகளுக்குப் பொறுப்பானவரும் கேட்கத்தான் செய்தார்.

"ரெண்டு பேரும் ஒத்துமைதானே?"

"மாமன் மச்சானுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றேன். என் கையாலேயே வாங்கித் தையல்காரரிடம் கொடுத்தேன்.

தடி இறங்கியபோது ஓட்டுநர் விலகவில்லை. நம்பிக்கை உள்ளவர் விலகமாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். இயக்குநர் 'கட்' சொல்லச் சற்றுத் தாமதமாயிற்று. அவ்வளவு உண்மையாக இருந்தது.

அந்த அம்மாள் ஓடிவந்து, முந்தானையால் கண்ணுக்குக் கீழே தேய்த்துத் தேய்த்துத் தன் அண்ணனிடம் காட்டினார். "பாருண்ணே, போயிடுச்சு. பாரு." தையல்காரர் அந்தத் துணியில் ஒட்டிய சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இழப்பு என்னென்ன என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். ஓட்டுநரின் உயிர் போயிற்று. தையல்காரர் சிறையில் இருக்கிறார். யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். அந்த அம்மாளுக்குக் கணவரும் இல்லை, அண்ணனும் இல்லை. லென்ஸில் ரத்தம் தெறித்துவிட்டதால் ஷாட்டின் கடைசிப் பகுதி பயன்படாது. மற்றபடி காட்சிக்குச் சேதம் எதுவும் இல்லை.