அடியில கிண்டி ஊத்துன கூழு

— போனப் போடு, புஷ்பா. ஆஸ்பத்திரி நர்சு, அந்த மிஸ்ஸி ஃபாத்தின்கிட்ட கூழு விஷயத்தச் சொல்லு. தப்பாப் போச்சு, எளைக்கிறதுக்கான ஆப்பரேஷன தள்ளி வைங்கன்னு சொல்லு. ரெண்டு நிமிஷ வேல லா.

— ரெண்டு நிமிஷமா? ரெண்டரை வருஷம் காத்துக் கெடந்து வாங்குன தேதி. நாளைக்கழிச்சு, புதன்கிழமை, காலையில ஏழு மணி. இந்தத் தேதி போச்சுன்னா மறுபடியும் வரிசையில கடைசி ஆளா நிக்கணும். அத ரெண்டு நிமிஷத்துல தொலைக்கச் சொல்றீங்களே, வாய் கூசல உங்களுக்கு?

— நானா தொலைச்சேன்? நேத்து கோயில்ல மூணு தடவையும் காலிச் சொம்ப வச்சுக்கிட்டு நின்னது யாரு?

— மூணு தடவையும் ஊத்துனது யாரு?

— ஏய், அம்மன் கோயில் கூழுடி அது! ஆடி மாசம், தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்குற அத்தன சனமும் வரிசையில நிக்குது. ஊத்துறவன் பொண்டாட்டிய மட்டும் விட்டுட்டுப் போனா கோயில் தலைவரு மாயாண்டி என்ன நெனைப்பாரு? மனுசன் என் தோளுக்குப் பின்னாலயே நிக்கிறாரு.

— நான் கைய வச்சு சொம்ப மூடுனேன். மூடுனனா இல்லையா?

— மூடுன. அதுக்கென்ன இப்ப?

— "டாக்டர் தண்ணியாத்தான குடிக்கச் சொன்னாரு, இதுவும் தண்ணிதான், ஆத்தா குடுக்குறத வேண்டாங்காத"ன்னு மைக்கு இல்லாத குறையாக் கத்துனீங்க. சுத்தி நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. நாளைக்கு எந்தப் புள்ளைக்கு அம்மை போட்டாலும், அன்னைக்குக் கூழ வேண்டான்னாளே அந்தக் குண்டச்சி, அவளாலதான்னு என் தலையில வந்து விழும். அது தெரிஞ்சுதான கத்துனீங்க?

— ஆத்தா மேல சத்தியமாத் தெரியாம பண்ணிட்டேன். கூழு தண்ணியா, சோறா, எனக்கு என்ன தெரியும்? நான் என்ன டாக்டரா? விடிஞ்சா லோரி ஏறுறவன், பொழுது சாஞ்சா எறங்குறவன்.

— ஒரு தடவ ஊத்துனா தெரியாம. மூணு தடவ ஊத்துனா?

— பசியில கெடக்குறியேன்னு ஊத்துனேன் லா. பாவம் பாத்தது குத்தமா?

— பாவம் பாத்தீங்களா? பன்னெண்டு நாளா காலையில மாவுப்பாலு, மத்தியானம் மாவுப்பாலு, ராத்திரி வடிகட்டுன சூப்பு. சுண்ணாம்பக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு. அந்த வயித்தோட, மூக்குல துணியக் கட்டிக்கிட்டு உங்களுக்கு நெத்திலி சம்பல் வதக்குனேன். எனக்கு எதிர்லயே ஒக்காந்து, தட்ட வழிச்சு, வெரல சூப்புனீங்க. அப்ப எங்க போச்சு பாவம்?

— உழைக்கிறவன் சாப்புடக் கூடாதா? மூணாம் நாளு நீ ரொட்டி டின்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுத. நான் வெளிய சொன்னனா?

— சொன்னீங்க. மாயாண்டி அண்ணன் பொண்டாட்டி என்கிட்டயே கேட்டுச் சிரிச்சாங்க.

— அது... பேச்சுவாக்குல வந்திருக்கும்.

— நூத்தி இருபத்தெட்டு கிலோங்கிறதும் உங்க பேச்சுவாக்குலதான் ஊருக்கே தெரிஞ்சது. கெமாஸ் ஊருல நடந்த கல்யாணத்துல, "எம் பொண்டாட்டிக்கு நாற்காலி பத்தாது, பெஞ்சு கொண்டாங்க"ன்னு பந்தியில நின்னு கத்துனது யாரு?

— அட அது தமாசுடி. நீயுந்தான சிரிச்ச.

— வேற என்ன பண்ணியிருக்கணும்? அந்தப் பெஞ்சத் தூக்கி உங்க மண்டையில போட்டிருக்கணும்.

— சரி லா, சரி. பழச எதுக்குக் கிண்டுற? போனப் போடு. அடுத்த வருஷம், இல்லாட்டி அதுக்கடுத்த வருஷம் பாத்துக்கலாம். எங்க ஓடிப் போகுது ஆஸ்பத்திரி?

— போட மாட்டேன்.

— என்னது?

— போட மாட்டேன். மிஸ்ஸிகிட்ட கூழப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். புதன்கிழமை போயி அந்தக் கட்டில்ல படுப்பேன்.

— கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? வயித்துக்கு மேல கல்லீரல் கொழுப்பேறி வீங்கிக் கெடக்கும்டி! இந்த ரெண்டு வாரத்துல அது சுருங்குனாத்தான் டாக்டரு அத ஒதுக்கிட்டு எரப்பையத் தொட முடியும். சுருங்கலன்னா கருவி பட்டுக் கிழிஞ்சிரும், ரத்தம் நிக்காது. வெளையாட்டா இருக்கா உனக்கு?

— இதெல்லாம் யாரு சொன்னாங்க உங்களுக்கு?

— யாரு சொல்லுவா, டாக்டருதான்.

— டாக்டர் சொன்னப்ப நீங்க உள்ளயே வரல. கீழ கேன்டீன்ல தே தாரிக் குடிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்த ரூமுல நான் தனியாத்தான் ஒக்காந்திருந்தேன்.

— அப்ப... ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சியே, அந்த ஆஸ்பத்திரித் தாளு. அதுல படிச்சிருப்பேன்.

— எப்ப படிச்சீங்க?

— வந்தன்னைக்கே படிச்சேன். ஏன், படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? நான் மலாய்ப் பள்ளியில மூணாம் பாரம் வரைக்கும் போனவன்.

— முழுசாப் படிச்சீங்களா?

— முழுசாத்தான்.

— அப்ப அஞ்சாவது வரியும் படிச்சிருப்பீங்க. நானே சிவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்கேன். சோறு ஆகாது, கஞ்சி ஆகாது, எவ்வளவு தண்ணி ஊத்திக் கரைச்சாலும் ஆகாது.

— புஷ்பா...

— இப்பதான ஆத்தா மேல சத்தியம் பண்ணுனீங்க, தெரியாதுன்னு? வரிசையில நின்ன எல்லாருக்கும் மேலாப்புல மொண்டு ஊத்துனீங்க. எனக்கு மட்டும் அகப்பைய அண்டாவோட அடி வரைக்கும் விட்டு, கிண்டி, கெட்டியா எடுத்து ஊத்துனீங்க. ஏன்?

— கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். கோயில்ல நீங்க கத்துனது ஊருக்கே கேட்டுச்சுல்ல? சொல்லுங்க, ஏன்?

— பயமா இருந்துச்சுடி! போதுமா? வயித்துல கத்திய வைக்கிறதுன்னா சும்மாவா? எங்க அக்கா பஞ்சாலை இருந்தாளே, அவ நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பி வந்தது பொணமாத்தான்.

— அண்ணி செத்தது டிங்கிக் காய்ச்சல்ல. அவங்க மேல ஒரு கத்தியும் படல. உங்க பொய்க்குத் தொணையா செத்தவங்கள எழுப்பாதீங்க.

— வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?

— நெசத்த. இல்லாட்டி கூழோட போயிப் படுத்துக்குறேன். ரத்தம் நிக்குதா இல்லையான்னு வெளிய ஒக்காந்து பாருங்க.

— ...லைசென்ஸ்.

— என்ன லைசென்ஸ்?

— நீதான எழுதி வச்சிருக்க, அந்தக் கோடு போட்ட நோட்டுல. எளைச்சதும் காடி ஓட்டப் படிக்கணும், அப்ப ஸ்டேரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல எடம் இருக்கும்னு. சிரம்பான்ல துணிக்கடை வேலைக்குப் போகணும்னு. லாபு ஸ்டேஷன்ல ரயிலு ஏறி கோலாலம்பூர் வரைக்கும் தனியாப் போயிட்டு வரணும்னு. தனியான்னு எழுதி, அதுக்குக் கீழ ரெண்டு கோடு வேற.

— அதுல உங்களுக்கு எங்க எரிஞ்சுது?

— இருபத்தொரு வருஷமா நீ எங்க போகணும்னாலும் என்னத்தான் கேக்கணும். பசாருக்கு, கோயிலுக்கு, உங்கம்மா வீட்டுக்கு. பஸ்ஸு படி ஏற முடியாது, மோட்டார்ல ஒக்கார முடியாது. "ஏங்க, கூட்டிட்டுப் போறீங்களா"ன்னு வந்து நிப்ப. தோட்டத்துல வேல வாங்குற மண்டோர் என்னைய நாயாட்டம் வெரட்டுறான். இந்த வீட்டுலதான் என்கிட்ட கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கு. நீ எளைச்சுட்டா எதுக்குடி என்னக் கேக்கப் போற?

— அதுக்காக.

— ஆமா, அதுக்காகத்தான். தெரிஞ்சேதான் ஊத்துனேன். பெஞ்சுன்னு சிரிச்சதும் அதுக்காகத்தான்னு வச்சுக்க. செருப்பக் கழட்டி அடி, வாங்கிக்கிறேன். ஆனா போகாத.

— கால விடுங்க. எந்திரிங்க.

— போக மாட்டேன்னு சொல்லு, எந்திரிக்கிறேன்.

— போறேன். புதன்கிழமை விடியக்காலம் என் தங்கச்சி வள்ளிநாயகி காடியோட வர்றா. நேத்தே பேசிட்டேன். ஏங்க, கூட்டிட்டுப் போறீங்களான்னு உங்களக் கேக்கல.

— செத்துருவடி! சொன்னாக் கேளு, நான் வேணும்னா ஃபாத்தினுக்குப் போன் போட்டு, நான்தான் ஊத்துனேன்னு ஒத்துக்குறேன். மூணு சொம்புக் கூழு உள்ள கெடக்கு புஷ்பா, அத வச்சுக்கிட்டு கத்திக்கு அடியில போகாத...

— மூணு சொம்புக் கூழும் கோயிலுக்குப் பின்னால செம்பனை மரத்தடியில கெடக்கு. ஆத்தா மன்னிச்சுக்கன்னு சொல்லிச் சொல்லிக் கொட்டுனேன், ஒரு வாய் குடிக்கல.