ஒரே வண்டியில் போகக் கூடாதவர்கள்

— இல்ல மேடம், தண்ணி கேட்டுக்கு வெளியிலேயே நிக்குது. உள்ள வர அதுக்கு இன்னும் தைரியம் வரல.

— இன்ஜினியர் சார், தண்ணியோட தைரியத்தப் பத்தி நான் கேக்கல. ஜெனரேட்டரைச் செங்கல் மேல தூக்கி வச்சாச்சான்னு கேட்டேன்.

— வச்சாச்சு. வாட்ச்மேன் அண்ணனும் லாரி டிரைவரும் நானும் சேந்து தூக்கினோம். அண்ணன் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உங்களத்தான் வாழ்த்திட்டு இருக்காரு.

— என்ன சொல்லி வாழ்த்தினாரு?

— அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாது மேடம். கோடையில நீங்க லோடு லோடா செங்கல் இறக்கினப்போ, மருந்துக் கிடங்குக்குள்ள மேடம் தனக்கு வீடு கட்டப் போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க எல்லாரும்.

— நீங்களும்தான் சிரிச்சீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? "பாத்துக்கலாம்"னுதான் சொன்னேன்.

— எதுக்குத்தான் அதச் சொல்லாம இருந்தீங்க? உங்க முதுகுக்குப் பின்னாடி உங்க பேரே "பாத்துக்கலாம் சார்"தான்.

— உங்க பேரு "ஒருவேளை மேடம்." தெரியுமில்ல?

— தெரியும். ஒருவேளை மழை விடாமப் பெஞ்சா? ஒருவேளை ஆறு ஏறினா? ஒருவேளை கரண்ட் போனா? யாராவது ஒருத்தர் கேக்கணும் சார். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். கேக்காம இருந்திருந்தா, பாதி மருந்த முன்கூட்டியே இந்த மேட்டுக் கிடங்குக்கு ஏத்தியிருப்போமா?

— அத ஒத்துக்கறேன். மொத்த இன்சுலினும் இந்தப் பள்ளத்துலயே கிடந்திருந்தா, இந்நேரம் நானும் வாட்ச்மேன் அண்ணனும் கட்டிப்பிடிச்சு அழுதிருப்போம். எங்க விட்டேன்? ஆங், தண்ணி... ஐயய்யோ.

— என்ன ஆச்சு?

— கரண்ட் போச்சு.

— இங்கயும் இப்பத்தான் போச்சு. ஜெனரேட்டர் எடுத்துதா?

— எடுத்துருச்சு. ஆனா குளிர் மெஷின் தானா ஓட மாட்டேன்னு அடம் பிடிக்குது. முள்ளு சிவப்புப் பக்கம் சாயுது.

— அப்போ கையால ஓட்டுங்க. வால்வ மெதுவா...

— மேடம், எனக்கேவா? இந்த மெஷினக் கையால ஓட்டத் தெரிஞ்சவங்க இந்தக் கம்பெனியிலேயே ரெண்டு பேரு. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு நான். இருங்க, போன ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சுட்டு வரேன். ம், முள்ளு பச்சைக்கு வந்துருச்சு. இனிமே கரண்ட் வர்ற வரைக்கும் ரெண்டு கையும் வால்வுலதான். கொஞ்சம் விட்டாலும் ஓடிரும், கழுத.

— பிடிச்சுட்டே இருங்க. குளிர் குறைஞ்சா அத்தனையும் குப்பைக்குத்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வந்து நிப்பாங்க.

— நிக்கட்டும், குடுப்போம். அங்க எப்படி?

— இங்கயும் அதே மெஷின், அதே அடம். ஓடிட்டு இருக்கு.

— சரி. மேடம், இன்னொண்ணு. எங்க அக்கா போன எடுக்கவே மாட்டேங்குது. அவங்க தெரு ஏற்கெனவே பள்ளம்.

— உங்க அக்கா மேடான இடத்துல பத்திரமா இருக்காங்க. போன்ல சார்ஜ் தீந்துருச்சாம். நான் விசாரிச்சுட்டேன்.

— எங்க அக்காவையா? நீங்களா?

— வேலையாளோட குடும்பம் பத்திரமா இல்லேன்னா வேலையாளோட கவனம் சிதறும். அதுவும் ஒரு அபாயம்தான்.

— அதானே பாத்தேன். பாசத்துல விசாரிச்சீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

— பயப்பட வேண்டாம். முள்ளப் பாருங்க.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கு, வாய்க்குத்தான் இல்ல. மேடம், உங்க விதியில எனக்கு ஒரு சந்தேகம்.

— எந்த விதி?

— நம்ம விதி. நாலு வருஷமா என் முட்டியத் தேய்க்குதே, அந்த விதி.

— "இயந்திரத்தைக் கையால் இயக்கத் தெரிந்த இருவரும் ஒரே வாகனத்தில் பயணம் செய்தலாகாது, ஒரே சமையலை உண்ணலாகாது, ஒரே நாளில் விடுப்பு எடுத்தலாகாது, பேரிடர்க் காலத்தில் ஒரே கட்டடத்தில் இருத்தலும் ஆகாது." இதுல என்ன சந்தேகம்? தெளிவாத்தானே எழுதியிருக்கேன்.

— ரொம்பத் தெளிவு. லிஃப்ட் வாகனமான்னு கேட்டேன். ஆமான்னீங்க. அன்னையிலிருந்து நீங்க லிஃப்ட்ல, நான் படியில. மேனேஜர் மகள் கல்யாணத்துல ஊரே பந்தியில உக்காந்து சாப்பிட்டது. நான் மட்டும் ஓரமா நின்னு பிஸ்கட் சாப்பிட்டேன்.

— ஒருவேளை அந்தச் சாப்பாட்டுல ஏதாவது கெட்டுப் போயிருந்தா? ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில படுத்திருந்தா மெஷின யார் பாக்கறது?

— சரிதான். ஆனா மணப்பெண் என்னப் பாத்து, "மாமா, வயித்து வலியா"ன்னு கேட்டுச்சு. நான் என்னன்னு சொல்றது? "இல்லம்மா, கம்பெனி விதி"ன்னா?

— என்ன சொன்னீங்க?

— வயித்து வலின்னே சொல்லிட்டேன். உடனே ஒரு கஷாயத்தக் கொண்டுவந்து குடிக்க வச்சுட்டாங்க. சிரிக்காதீங்க மேடம், இங்க முள்ளு ஆடுது.

— என் சிரிப்புக்கும் உங்க முள்ளுக்கும் என்ன சம்பந்தம்?

— முள்ளு ஆடல. நான்தான் ஆடறேன். மேடம், சந்தேகம் என்னன்னா... ஒருவேளை...

— என் வார்த்தைய எடுத்துட்டீங்க.

— இன்னைக்கு ஒரு நாளைக்குக் கடன் குடுங்க. ஒருவேளை, அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குடியிருக்கற மாதிரி ஆயிட்டா?

— ஒரே வீட்டுலன்னா?

— ஒரே வீட்டுலன்னா ஒரே வீட்டுலதான். ஒரே அடுப்பு, ஒரே வண்டி. வருஷத்துல ஒரு தடவையாவது சேந்து லீவு. அந்த மாதிரி.

— விதிப்படி, ரெண்டு பேர்ல ஒருத்தர் மாற்றல் வாங்கிட்டு வேற கிளைக்குப் போயிரணும்.

— வேற வழியே இல்லையா?

— அந்த விதிய எழுதினது நான். அதுல ஓட்டை வச்சு எழுதற பழக்கம் எனக்குக் கிடையாது.

— அதுவும் தெரியும். அதனாலதான் மேடம், நான் போன வாரமே மேனேஜர்கிட்டப் போய் மாற்றல் கேட்டுட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— மாற்றல். அந்தக் கோடியில ஒரு கிளை இருக்கே, யாருமே போக மாட்டாங்களே, அங்க. மெஷின் கூடக் கிடையாது, வெறும் அட்டப்பெட்டி. வாரக் கடைசியில வந்துட்டுப் போயிரலாம்னு கணக்குப் போட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை எங்க அக்கா உங்க வீட்டுக்கு வந்து, உங்க அப்பாவப் பாத்துப் பேசறதா இருந்தாங்க.

— எதப் பத்தி?

— செங்கலப் பத்தியா பேச வருவாங்க? மேடம்... லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன்.

— அப்போ ஒரு பதில் சொல்லுங்க.

— நீங்க போயிட்டா இந்த மெஷினுக்கு நான் ஒருத்திதான்னு யோசிச்சீங்களா? மாற்றல் கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?

— கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க. எதுக்குன்னு சொல்ற தைரியம் எனக்கு இன்னைக்குத்தான் வந்துது. அதுவும் கை ரெண்டும் வால்வுல மாட்டிக்கிட்டதால. ஓடவும் முடியாது பாருங்க. மேனேஜர் வேற ஒத்தக் கால்ல நின்னு முடியாதுன்னுட்டாரு. இருங்க... ஒரு நிமிஷம் இருங்க மேடம்.

— என்ன, முள்ளா?

— முள்ளு நல்லா இருக்கு. அங்கயும் அதே மெஷின், அதே அடம்னீங்க. எனக்கு மூக்குச் சொறியக் கூட வழியில்ல. நீங்க சாவகாசமா விதிய வாசிச்சீங்க, சிரிச்சீங்க. அங்க வால்வ யார் பிடிச்சிருக்கா?

— நான்தான் தம்பி பிடிச்சிருக்கேன். என்னத்தச் சொல்ல.

— மேனேஜர் சார்?

— நானேதான்.

— நீங்களா? சார், உங்க ரூம் பல்பு போனாக்கூட ஆளக் கூப்பிட்டு, நீங்க வராந்தாவுல போய் நிப்பீங்களே?

— அது அந்தக் காலம். ஆறு மாசமா தினமும் சாயங்காலம் இந்த அம்மா என்ன இழுத்துட்டு வந்து இங்க நிப்பாட்டிருது. மொதல் மாசம் வால்வு எது, மோட்டார் எதுன்னு தெரியாம வாங்கின திட்டு இருக்கே, என்னத்தச் சொல்ல. நான் மேனேஜரா, அது மேனேஜரான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

— எதுக்கு சார் இதெல்லாம்?

— அதத்தான் நானும் கேட்டேன். "நிறுவனத்தின் நலன் கருதி"ன்னு சொல்லுச்சு. நானும் நலன் கருதிக் கத்துக்கிட்டேன். போன வாரம் நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, யாரும் சீண்டாத கிளைக்கு மாற்றல் கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் அது எந்த நிறுவனம்னு எனக்கு விளங்குச்சு.

— சார், அப்போ இவ்வளவு நேரம் நாங்க பேசினது...

— எல்லாம் காதுல விழுந்துச்சு, இங்கயும் போன் ஸ்பீக்கர்லதான். கைதான் வால்வுல, காதுல ஒண்ணும் இல்ல. கஷாயம் கொண்டுவந்தது என் சம்சாரம்தான்.

— மேடம், நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

— விதியில ஓட்டை வச்சு எழுத மாட்டேன்னுதான் சொன்னேன், சார். திருத்தம் போட மாட்டேன்னு சொல்லலையே. "இயக்கத் தெரிந்தவர் மூவராகுமிடத்து, அவருள் இருவர் சேர்ந்து செல்லத் தடையில்லை." மேனேஜர் தனியா நின்னு ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் அமலுக்குக் கொண்டுவரலாம்னு காத்திருந்தேன். இன்னைக்குக் காட்டிட்டாரு.

— அப்போ... லிஃப்ட்?

— ஏறலாம்.

— அட, கரண்ட் வந்துருச்சு மேடம். மெஷின் தானா ஓட ஆரம்பிச்சுருச்சு. வாட்ச்மேன் அண்ணன் வேற, தண்ணி கேட்ட விட்டு இறங்குதுன்னு கத்தறாரு. மருந்து ஒரு பாட்டில் கூடக் கெடல.

— இங்கயும் கெடல. மேனேஜர் கைய உதறிட்டு இருக்காரு.

— கொப்புளம்மா, கொப்புளம். அத யாராவது பதிவு பண்ணுங்க.

— மேடம், கை ரெண்டும் இப்ப சும்மா இருக்கு, அதனால மறுபடியும் பயம் வந்துருச்சு. உங்க விதி இடம் குடுத்துருச்சு, சரி. உங்க அப்பா இருக்காரே. ஒருவேளை அவர் வேண்டாம்னுட்டா? ரோடெல்லாம் தண்ணி, ஞாயித்துக்கிழமை எங்க அக்கா எப்படி வரும்? அதுக்குள்ள ஒருவேளை அவர் வேற இடம் பாத்துட்டா? ஒருவேளை...

— பாத்துக்கலாம் சார். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே இந்த மேட்டுக்கு ஏத்தினது மருந்த மட்டும்தான்னு நினைச்சீங்களா? உங்க அக்கா நேத்துலேருந்து எங்க வீட்டுலதான் இருக்காங்க. அப்பாவும் அவங்களும் தேதி குறிச்சு முடிச்சு, இப்ப யாரு பந்தியில சாப்பிடணும், யாரு பிஸ்கட் சாப்பிடணும்னு சண்ட போட்டுட்டு இருக்காங்க.